யார் எழுத வேண்டிய கடிதம்?

ஆட்குறைப்பு என்னும் சொல்லை இன்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'சீரமைப்பு' என்கிறார்கள், 'விருப்ப விலகல்' என்கிறார்கள். ஊழியர் ஒருவர் நிருவாகியின் அறைக்கு அழைக்கப்படுகிறார். சொந்தக் காரணங்களை முன்னிட்டுப் பணியிலிருந்து விலகுவதாகத் தட்டச்சிட்ட தாளொன்று மேசைமீது காத்திருக்கிறது. ஒப்பமிட்டால் ஒரு மாத ஊதியமும் நற்சான்றும் கிடைக்கும். மறுத்தால் 'திறமைக் குறைவு' என்னும் முத்திரை விழும். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதை நாம் பொய் என்றே அழைக்கிறோம். அதுவும், பிறர் வாயில் திணிக்கப்பட்ட பொய்.

ஆட்குறைப்பே கூடாது என்று நாம் வாதிடவில்லை. வரவு குறைந்து, தொழில்நுட்பம் மாறி, எல்லாரையும் வைத்திருந்தால் எல்லாரும் வேலையிழக்கும் நிலை வருவதுண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' சுற்றுமடல் இலாபத்திற்கும் நியாயமான இடமுண்டு என ஒப்புக்கொள்கிறது. அதுவே நிறுவனத்தின் நலத்தை அளக்கும் ஒரே கோலன்று என்றும் சேர்த்தே கற்பிக்கிறது. ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான்: அனுப்புகிறவர், 'நான் அனுப்புகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

அந்த விலகல் கடிதத்தின்மேல் நிருவாகத்திற்கு ஏன் இத்தனை ஆசை? விடை சட்டத்தில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் ஆட்குறைப்புக்கான விதிகள் சேர்க்கப்பட்டன. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அவற்றைப் பெரும்பாலும் காத்திருக்கிறது. ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்த தொழிலாளிக்குக் காரணம் குறித்து ஒரு மாத முன்னறிவிப்போ, அம்மாத ஊதியமோ தர வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே வகைப் பணியாளருள் கடைசியாக வந்தவரே முதலில் செல்ல வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை உண்டு. தானே விரும்பி விலகியவருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை! அந்த ஒற்றைத் தாளின் விலை அதுதான்.

இதை எழுத நமக்குத் தகுதியுண்டா என்று கேட்பவருக்கு, தகுதியின்மையே நம்மை எழுத வைக்கிறது என்போம். 2001இல் இளங்குருவாய் ஓர் அச்சகத்தின் பொறுப்பை ஏற்றோம். கணிப்பொறி வந்தது, ஈய எழுத்துகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஒன்பது பேரில் ஐவர் போக வேண்டும் என்று முடிவாயிற்று. முன்னிருந்தோர் செய்ததையே நாமும் செய்தோம். ஐந்து தாள்களைத் தட்டச்சிட்டு வைத்தோம். நால்வர் மறுபேச்சின்றி ஒப்பமிட்டனர். இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சுக் கோத்த முதியவர் மட்டும் தாளை இருமுறை படித்தார். எழுத்துப்பிழை தேடியே பழகிய கண்கள். "சாமி, போகச் சொல்றது நீங்க, போறேன்னு எழுதுறது நானா?" என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. அவர் ஒப்பமிட்டார். நமது அச்சகம் அன்று அவரிடமிருந்து மிச்சப்படுத்தியது 330 நாள் ஊதியம்.

'அவர் மனமொப்பித்தானே கையெழுத்திட்டார்?' என்பர். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலைபற்றிய சுற்றுமடலில் இவ்வாதத்திற்கு விடையளித்துவிட்டார். வறுமையாலோ அச்சத்தாலோ கடுமையான நிபந்தனைக்கு ஒருவர் இசைந்தால், அது இசைவன்று. அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையானவர் என்பதே அவர் படிப்பினை.

'நீக்கப்பட்டார் என்ற பழி வராமல் காக்கிறோம்' என்பர். ஆட்குறைப்பு எப்போது பழியாயிற்று? 'இப்பணி எம்மிடம் இனியில்லை. இவரிடம் குறையேதுமில்லை' என்று எழுதிக் கொடுத்தால் எவருடைய பெயர் கெடும்?

'திறமையற்றவரை வைத்துக்கொண்டு திறமையுள்ளவரை அனுப்பச் சொல்கிறீர்களா?' என்பர். இல்லை. அளவுகோலை முதலில் எழுதுங்கள்; பெயர்ப் பட்டியலைப் பின்னர் எடுங்கள் என்கிறோம். பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு அளவுகோலைத் தேடுவது பழிவாங்கல். சங்கத்தில் சேர்ந்தவர், நோயுற்றவர், கருவுற்ற பெண், எதிர்த்துக் கேள்வி கேட்டவர் ஆகியோரே பட்டியலில் மிகுந்திருந்தால், அங்கே அளந்தது திறமையை அன்று. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் நேர்மையற்ற பொறுப்பாளரைக்கூடத் தலைவர் நேரில் அழைக்கிறார், குற்றச்சாட்டைச் சொல்கிறார், கணக்கை ஒப்படைக்கச் சொல்கிறார். நேர்மையாய் உழைத்தவருக்கு அந்த மரியாதையேனும் வேண்டாமா?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 1978இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர்க் குடிநீர் வழங்கல் வழக்கில் தொழில் என்னும் சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. மருத்துவமனைகளும் கல்விக்கூடங்களும் அதனுள் அடங்கின. புதிய சட்டத் தொகுப்போ, முழுமையாகவோ பெரும்பாலுமோ அறப்பணியில் ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அவ்வரையறைக்கு வெளியே வைத்துள்ளது. இதைக் கேட்டு நம்மிடையே நிம்மதிப் பெருமூச்சு விட்டோரும் உளர். சகோதரரே, எதற்காக அந்த நிம்மதி? சட்டம் விலக்கு அளித்தால் நீதியும் விலக்கு அளித்துவிட்டதா? அடிமையை விடுதலை செய்யும்போதுகூட வெறுங்கையாய் அனுப்பாதே, மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடு என்று இணைச்சட்ட நூலின் 15ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வாரந்தோறும் பீடத்தில் விவிலியம் வாசிக்கும் நாம், முதலாளிகளுக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவையும்விடக் குறைத்துக் கொடுக்க வழி தேடலாமா?

களவாடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்புரவுத் தொட்டியிலமர்ந்து பிறருக்குச் சொல்கிறோம். கடந்த ஆண்டு அதையே நமக்கும் சொல்லிக்கொண்டோம். நிதிக்குழுவின் இசைவோடு ஐவருக்கும் கணக்கிட்டோம். இன்றைய விலைவாசிக்கேற்பக் கூட்டினோம். அச்சுக் கோத்த அம்முதியவர் இறந்துவிட்டார். அவர் துணைவியார் பணத்தை வாங்கிக்கொண்டு, "கடைசி வரைக்கும் 'நானாப் போகல'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு, சாமி" என்றார். அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய கணவரிடம் கேட்கும் வாய்ப்பை இருபது ஆண்டுகளுக்குமேல் வைத்திருந்து இழந்துவிட்டோம்.

மருத்துவமனை, பள்ளி, விடுதி, அச்சகம் எனப் பொறுப்பேற்றிருக்கும் குருக்களையும் கன்னியரையும் பொதுநிலையினரையும் வேண்டுகிறோம். ஒருவரை அனுப்பியே ஆக வேண்டுமெனில் காரணத்தை எழுதுங்கள். கணக்கிட்டு உரியதைக் கொடுங்கள். உங்கள் பெயரில் ஒப்பமிடுங்கள். அதற்கு முன், பழைய கோப்புகளைத் திறந்து, கேட்டு வாங்கிய விலகல் கடிதங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள்.