கைக்கேற்ற ஹேண்டில்பார்

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் எஞ்சினின் சி.சி.யையும் மைலேஜையும் பற்றி நெடுநேரம் விசாரிக்கிறார். வர்ணத்தைத் தேர்ந்தெடுக்க வீட்டாரையெல்லாம் அழைத்து வந்து ஆலோசிக்கிறார். ஆனால் இனிவரும் ஆண்டுகளில் பல்லாயிரம் கிலோமீட்டர் தூரம் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு போகவேண்டிய ஹேண்டில்பாரின் அகலம் என்ன, உயரம் என்ன, அது ஓட்டுபவரை நோக்கி எவ்வளவு வளைந்து வருகிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஊருக்குள் சந்தைக்குப் போய்வரும் வண்டியானால் இந்த அலட்சியத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் புறப்பட்டு மாலை வரை ஓட்டுகிற நெடும்பிரயாண வண்டியின் விஷயம் அப்படியல்ல. அதில் ஹேண்டில்பார் அலங்காரப் பொருளன்று, சரீரத்துக்கு அளவெடுத்துப் பொருத்த வேண்டிய அங்கம் என்பதும், அதைத் தக்க அளவுகளில் அளிப்பது தயாரிப்பாளரின் கடமை என்பதுமே என் அபிப்பிராயம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னைப் பகுதியில் இயங்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 என்ற இரண்டு வண்டிகளை ஒருசேர விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் 648 சி.சி. கொண்ட ஒரே இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், சேஸிஸும் ஒன்றே. ஆயினும் முன்னதில் அகன்று உயர்ந்து, நடுவே குறுக்குக் கம்பி தாங்கிய ஹேண்டில்பார். பின்னதில் முன்ஃபோர்க்கின் இரு குழாய்களையும் தனித்தனியே கவ்வி நிற்கும் தாழ்ந்த கிளிப்-ஆன். அதற்கேற்ப ஃபுட்ரெஸ்ட்டும் சற்றுப் பின்னே தள்ளியிருக்கிறது. முதல் வண்டியில் நிமிர்ந்து உட்காருகிற அதே மனிதர் இரண்டாவதில் முன்சாய்ந்து, உடற்பாரத்தின் ஒரு பகுதியை மணிக்கட்டுகளின்மேல் சுமத்துகிறார். சக்தியில் பேதமில்லாத இரண்டு வண்டிகள், பிரயாணத்தின் சுபாவத்தில் இவ்வளவு வேறுபடுவதற்குக் கைகள் எங்கே நிற்கின்றன என்பதே பிரதான காரணம்.

தாழ்ந்த ஹேண்டில்பாரை முழுவதும் குறைகூறுவதும் நியாயமன்று. வேகம் கூடக்கூட எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்வதால் முன்சாய்ந்தவரின் மணிக்கட்டுச் சுமை குறைகிறது. மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் ஊர்ந்து செல்லும்போதுதான் அந்தத் தாங்கல் இல்லாமல் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கி, அங்கே ஓடும் நரம்பை அழுத்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகச் செய்கிறது. நிமிர்ந்திருப்பவருக்கோ நிலைமை நேர்மாறு: மெதுவாகச் செல்கையில் சுகமாயிருப்பவர், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் மார்பில் மோதும் காற்றுக்கு எதிராகக் கைகளாலேயே தம்மை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார், அந்த இழுப்பு ஹேண்டில்பார் வழியே முன்சக்கரத்துக்குப் போய் வண்டியின் ஸ்திரத்தையும் கலைக்கலாம். ஆகையால் உயர்ந்த ஹேண்டில்பார் வேண்டுமென்பவர் முன்கண்ணாடியையும் உடன் யோசிக்கவேண்டும். இருக்கை, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை.

அகலத்தின் தத்துவம் நெம்புகோலின் தத்துவமே. மூட்டை முடிச்சுகளோடு கனத்த வண்டியைத் திருப்ப அகன்ற ஹேண்டில்பாரில் சிறு விசை போதும். வேகமாகச் செல்கையில் வலப்புறம் சாய வலக்கைப் பிடியை முன்னே தள்ளவேண்டும் என்ற விதியை அறிந்தவர்களுக்கு இந்தச் சௌகரியம் நன்றாக விளங்கும். ஆனால் அகலம் மிஞ்சினால் தோள்கள் விரிந்து களைப்படைவதும், வண்டியை முழுவதும் ஒடிக்கையில் வெளிப்புறக் கை எட்டாமற்போவதும் உண்டு. குழாயின் கனமும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான வண்டிகளில் பிடி பொருத்தும் இடம் 22 மில்லிமீட்டர். ஹார்லி டேவிட்சன் வழக்கம் 25.4 மில்லிமீட்டர், நடுவில் 28.6 மில்லிமீட்டராகத் தடித்து ஓரத்தில் 22ஆக ஒடுங்கும் வகை, கரடுமுரடான பாதைக்குரிய வண்டிகளில் பிரசித்தம். தடித்த பிடி பெரிய கைக்கு இதம். சிறிய கைக்கு அதுவே உபத்திரவம்.

அமெரிக்காவின் ஹார்லி மரபிலும் ஒரு பாடம் இருக்கிறது. எலக்ட்ரா கிளைடில் முன்கவசம் ஃபோர்க்கோடு சேர்ந்து ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் திரும்புகிறது. ரோடு கிளைடிலோ அது சேஸிஸில் அசையாமல் நிலைத்திருக்க, ஹேண்டில்பார் மட்டும் அதன் பின்னே திரும்புகிறது. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்தப் பேதத்தினால், ஒன்றில் காற்றின் தாக்குதல் கைகளுக்கு வந்து சேர, மற்றதில் சேஸிஸ் அதை வாங்கிக்கொள்கிறது. அதே நாட்டில், கைகளைத் தலைக்கு நிகராக உயர்த்தும் ஏப் ஹேங்கர் வகை மோகமாகப் பரவியதன் விளைவாக, தோளுக்கு மேல் பிடி உயரலாகாது என்பது போன்ற வரம்புகளைப் பல மாநிலங்கள் சட்டமாகவே இயற்றின.

நம் ஊரிலும் அந்த மோகம் உண்டு. தோற்றத்துக்காக உயர்ந்த ஹேண்டில்பாரை வாங்கிப் பூட்டுகிறவர்கள், கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் பழைய நீளத்திலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். முழுவதும் ஒடிக்கும்போது கேபிள் விறைத்து எஞ்சின் தானே உறுமுவதும், பிரேக் ஹோஸ் இழுபட்டு விரிசல் காண்பதும் விபத்துக்கு வாயில்கள். மேலும், மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் ஆதி விவரக்குறிப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியது. சட்டத்தின் நோக்கம் நன்று. ஆனால் ஐந்தடி உயரமுள்ள பெண்ணும் ஆறடி உயரமுள்ள ஆணும் ஒரே அளவை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதாக அதன் பலன் முடிந்தால், அது பாதுகாப்புக்கே விரோதமாகும். சட்டையை அளவு பார்த்து வாங்குகிற நாம் இதில் மட்டும் கொடுத்ததை வாங்கிக்கொள்வானேன்?

ஜெர்மனியில் மாற்று ஹேண்டில்பார்களை இன்னின்ன வண்டிகளுக்குப் பொருந்தும் என்ற அங்கீகாரப் பத்திரத்தோடு விற்கும் முறை இருக்கிறது. அத்தகைய பத்திரம் இல்லாததைப் பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். அதைப் பின்பற்றி, ஒவ்வொரு நெடும்பிரயாண வண்டிக்கும் இரண்டு மூன்று அளவுகளை, அவற்றுக்குரிய கேபிள்களோடு, வண்டியின் அங்கீகாரத்திலேயே சேர்த்துக்கொண்டு, விற்கும்போதே பொருத்தித் தர நம் தயாரிப்பாளர்கள் முன்வர வேண்டும். அரசாங்கமும் அதற்கு வழிசெய்ய வேண்டும். அதுவரை வாங்குகிறவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கடையில் வண்டிமேல் அமர்ந்து, முழங்கை லேசாக மடிந்திருக்கிறதா, மணிக்கட்டு முன்கைக்கு நேராக நிற்கிறதா, இருபுறமும் முழுவதும் ஒடித்தபோது உடலைச் சாய்க்காமல் கை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால், வர்ணம் எவ்வளவு மனத்துக்குப் பிடித்திருந்தாலும், அந்த வண்டியை வாங்காதீர்கள்.