தேர் வாசலுக்கு வந்த பின்பு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் ஓய்ந்த பின்னர், மேற்கத்தியப் புல்வெளிகளிலுள்ள தன் பண்ணைக்குத் திரும்பும் போர்வீரனைக் கதாநாயகனாக்கி, அவன் இழந்த விசுவாசத்தையும் இல்லறத்தையும் மீளப் பெறுவதைச் சொல்லும் கிறிஸ்தவச் சரித்திர நாவல்கள் அந்நாட்டில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றின் கலைத்தரத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. போர்க்களத்தில் பட்ட மனப்புண் கடைசி அத்தியாயத்துப் பிரார்த்தனையிலும் விவாகத்திலும் ஆறிவிடுகிறது. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தலைக்கு 160 ஏக்கர் வீதம் வழங்கிய அந்நிலத்தில் முன்பு வாழ்ந்த பூர்வகுடிகள் என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. ஆயினும், போரினின்று மீண்டவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் கதை தொடங்குகிறது என்பதை அறிந்திருக்கும் அளவில் அந்நாவல்கள் நம்மவரைவிட முன்னே நிற்கின்றன.

விஷயம் நமக்குப் புதிதன்று. கார்காலத்தில் வருவேனென்று சொல்லிப் பாசறைக்குச் சென்றவனுக்காகத் தலைவி ஆற்றியிருப்பதையும், வினை முடித்தவன் பாகனை விரைவுபடுத்தி மீள்வதையும் முல்லைத் திணைக்கே உரிய பொருளாக வகுத்துக்கொண்டவர்கள் நாம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதற்குள், புண்பட்ட யானைகளையும், மாண்டுபோன மறவர்களையும், அம்பு தைத்துத் தீனி மறுத்த குதிரைகளையும் எண்ணி எண்ணி, பாசறையில் உறக்கம் கொள்ளாத ஒரு வேந்தனை அப்புலவர் காட்டிவிடுகிறார். வென்று திரும்பும் படையின் ஆரவாரம் தலைவியின் செவியை நிறைக்கும்போது பாட்டு முடிகிறது. பாசறையில் வராத அந்த உறக்கம் அரண்மனைக் கட்டிலில் வந்ததா என்று நம் இலக்கியம் கேட்டிருக்க வேண்டும்.

தேவாலயங்களில் நாம் கேட்டு வளர்ந்த கெட்ட குமாரன் உவமையோ வாசலோடு நிற்பதில்லை. தகப்பன் கட்டித் தழுவி விருந்து வைத்த பிறகும், வயலிலிருந்து வந்த மூத்தவன் கோபங்கொண்டு வெளியிலேயே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா சுவிசேஷம் சொல்லாமலே விட்டுவிடுகிறது. மீண்டு வந்தவனை ஏற்பது வீட்டிலிருப்பவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை அதனினும் சுருக்கமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

அந்த மூத்தவனின் இடத்தில் ஒருமுறை தமிழகமே நின்றது. 1987-இல் இலங்கைக்குச் சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவுகள் 1990 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அப்படையின்மீது ஈழத்தமிழர் சுமத்திய குற்றச்சாட்டுகள் கனமானவை. அவற்றை மறக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் அப்படையில் மதறாஸ் ரெஜிமெண்ட்டின் பட்டாலியன்களும் இருந்தன. தன் பாஷை பேசும் மண்ணில் துப்பாக்கி ஏந்திவிட்டு ஊர் திரும்பிய ஒரு தமிழ்ச் சிப்பாய், மறு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மண்டியிட்டபோது எதை அறிக்கையிட்டிருப்பான், எதை விழுங்கியிருப்பான் என்பதை ஒரு நல்ல நாவலாசிரியன் அன்றி வேறு எவர் நமக்குச் சொல்ல முடியும்?

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' இவ்வழியில் நமக்குள்ள அரிய முன்னோடி. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போரிட்டு மீண்ட செல்லையாவுக்கு, அந்தப் பட்டாள வாழ்க்கையே மரகதத்தை மணப்பதற்குத் தடையாகிறது. வெற்றியும் தோல்வியும் அல்லாத அந்த முடிவில் சமாதானக் காலத்தின் கொடுமை முழுவதும் இருக்கிறது. அந்நூல் 1959-இல் வெளிவந்தது. அதன் பின் வந்த போர்களுக்கு அத்தகைய நாவல்கள் மிகச் சிலவே.

முகப்பேரில் குடியிருக்கும் எனக்கு இக்குறை தினந்தோறும் கண்ணில் படுகிறது. ஆவடியின் டேங்க் ஃபேக்டரியும் விமானப்படைத் தளமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, எங்கள் அடுக்ககங்களின் கேட்டருகே காவல் இருப்பவர்களில் பட்டாளத்துக்காரர்களும் இருக்கிறார்கள். மாதாந்திரப் பென்ஷனைப் பற்றியும் கேன்டீன் சாமான்களைப் பற்றியும் தயங்காமல் பேசுவார்கள், போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். 1858 முதல் புத்தகம் வெளியிட்டுவரும் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போன்ற பதிப்பகங்களும், சபைதோறும் நடக்கும் மாதப் பத்திரிகைகளும், இவர்கள் உயிரோடிருக்கும்போதே இவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதும் எழுத்தாளர்களுக்கு இடமும் சன்மானமும் தர வேண்டும். கதை பிரார்த்தனையில் முடியவேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் விதிக்கலாகாது.