நான் கரும்பலகையில் வரைந்த தப்பான குதிரை

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலையை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். அவன் வீட்டு லேப்ரடார் நாயின் முதுகில் அவனுடைய நாலு வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பிளாஸ்டிக் கத்தி. 'எங்க வீட்டு ஜான்சி ராணி' என்று எழுதியிருந்தான். குழந்தை அவ்வளவு அழகு. எல்லோரும் இதயம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. மறுபடியும் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தை சிரிக்கிறது. நாய் சிரிக்கவில்லை. காதைப் பின்னால் மடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறது. முதுகு நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது என்மேல்தான். ஏனென்றால் அந்தப் பாடத்தை நடத்தியவள் நான்.

ஏழாம் வகுப்பில் எலும்பு மண்டலம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு குதிரை வரைவேன். நாலு கோடு, நாலு கால். அவற்றின் மேல் ஒரு நேர்க்கோடு, அது முதுகெலும்பு. "நம்ம வகுப்பு பெஞ்சு மாதிரிதான். நாலு கால், மேல ஒரு பலகை. அதனாலதான் அதும்மேல ஏறி உக்கார முடியுது" என்பேன். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "அப்ப நாய் மேலயும் உக்காரலாமா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "சின்னப் பிள்ளைன்னா உக்காரலாம்" என்றேன். கேட்டது இவன்தானா என்று நினைவில்லை. பதில் சொன்னது நான் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பதில் தப்பு, படமும் தப்பு. உங்கள் நோட்டில் எவ்வளவோ சிவப்பு மை செலவழித்திருக்கிறேன். இன்று என் நோட்டைத் திருத்துகிறேன்.

இது தப்பு என்று எனக்கே தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அக்கா வீட்டில் ஒரு டாஷண்ட் நாய் இருந்தது. நீள உடம்பு, குட்டைக் கால். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சோபாவிலிருந்து குதிக்கும், மாடிப்படியில் ஏறி இறங்கும். ஆறு வயது இருக்கும்போது ஒருநாள் காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. தூக்கப் போனால் வலியில் கத்தியது. கால்நடை மருத்துவர் என் விரலைப் பிடித்து அதன் விலாவில் வைத்தார். "எண்ணுங்கம்மா. இதுதான் கடைசி, பதிமூணாவது. இதை ஒட்டின இடத்துலதான் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது" என்றார். இத்தனை வருடம் பாடம் நடத்திய நான் ஒரு நாயின் விலாவைத் தொட்டு எண்ணியது அன்றைக்குத்தான்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் காறை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் குறுக்கே ஓடுகிறதே, அதுதான். நம் கையை உடம்பின் எலும்புக்கூட்டோடு இணைப்பது அது. குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது. நாய்க்குத் தசைக்குள் புதைந்த ஒரு சிறு மிச்சம் மட்டும் உண்டு, அது எதையும் தாங்காது. அப்படியென்றால் முன்னங்கால் உடம்போடு எப்படிச் சேர்ந்திருக்கிறது? வெறும் தசையாலும் நாராலும்தான். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், தூளியில் பிள்ளையைப் போட்ட மாதிரி, நெஞ்சுக்கூடு தொங்குகிறது. நிற்கும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. அந்த 60 சதவீதமும் இந்தத் தூளியில்தான் தொங்குகிறது. பெஞ்சுக்கு ஆணி அடித்த கால் இருக்கிறது. இவற்றின் முன்பக்கம் அப்படி இல்லை. நாய்க்குட்டியை முன்னங்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

அடுத்தது முதுகு. நமக்கு விலா எலும்பு 12 ஜோடி, நாய்க்கு 13, குதிரைக்கு 18. சில அரபுக் குதிரைகளுக்கு 17 இருப்பதும் உண்டு. விலா முடிந்த பிறகு, இடுப்பு வரை விலா இல்லாத முள்ளெலும்புகள் நமக்கு 5, நாய்க்கு 7, குதிரைக்குப் பொதுவாக 6. கழுத்தில் மட்டும் மூவருக்கும் 7தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான்!

கணக்குப் போடுங்கள். நாய்க்கு நெஞ்சுப் பகுதியில் 13, அதன் பின்னால் 7, ஆக 20. இருபதில் ஏழுக்கு விலாவின் துணை கிடையாது. குதிரைக்கு 24இல் 6. அதாவது நாய் முதுகில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் கூண்டுக்கு வெளியே இருக்கிறது. குதிரைக்குக் கால் பங்குதான். நாயின் 13 விலாக்களில் முதல் 9 மட்டுமே குருத்தெலும்பு மூலம் நேராக மார்பெலும்பைத் தொடுகின்றன. அடுத்த மூன்றும் முன்னால் இருக்கும் விலாவின் குருத்தெலும்போடு சேர்ந்துகொள்ளும். பதிமூன்றாவது எதையும் தொடாமல் தசையில் நிற்கிறது.

நெஞ்சுப் பகுதியில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இடது விலாவின் தலையையும் வலது விலாவின் தலையையும் இணைக்கும் ஒரு நார், டிஸ்க்கின் மேல் குறுக்கே ஓடுகிறது. டிஸ்க் மேலே பிதுங்காமல் அது காக்கிறது. நாயின் கடைசி இரண்டு விலாக்களில் அந்த நார் இல்லை. அக்கா வீட்டு நாய்க்கு அடி விழுந்த இடமும் அங்கேதான். டாஷண்டின் காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றங்களில் ஒன்றே அதன் டிஸ்க்கையும் சீக்கிரம் கெட்டிப்படுத்துகிறது என்று 2017இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குட்டைக் காலை அழகு என்று நாம் தேர்ந்தெடுத்து வளர்த்தோம். விலையை அது கொடுக்கிறது.

நாயின் முதுகு வளைவதற்காகவே அமைந்தது. நம் சிப்பிப்பாறை ஓடும்போது பார்த்திருப்பீர்கள். முதுகு சுருண்டு பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி வரும், அடுத்த நொடி விரிந்து அம்பு மாதிரி நீளும். குதிரை ஓடும்போது முதுகு அவ்வளவு வளையாது. சுமை விஷயத்தில் குதிரைக்கும் நாய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது.

"டீச்சர், எங்க நாய் பெருசு, பிள்ளை சின்னது. ஒரு போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிலர் சொல்வீர்கள். மறுபடியும் கணக்குக்கே வருகிறேன். குதிரைக்குச் சேணத்தையும் சேர்த்து அதன் எடையில் 20 சதவீதம் வரை ஏற்றலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. உங்கள் லேப்ரடார் 30 கிலோ, நாலு வயதுப் பிள்ளை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 50 சதவீதம்! சுமப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட பிராணிக்கு ஐந்தில் ஒரு பங்கு, சுமக்கவே அமையாத பிராணிக்குப் பாதியா? இந்தக் கணக்குக்கு நான் மார்க் போட மாட்டேன்.

ஒரு தடவையிலேயே எலும்பு உடைந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பல நாய்கள் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமையைத்தான் நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். வலி தாங்காமல் ஒருநாள் திரும்பிக் கடித்தால், கடிபடப் போவது நம் பிள்ளையின் முகம். பழி அந்த நாய்மேல் விழும். எனக்கு இரண்டுமே பயம்தான்.

சரி, குதிரைமேல் ஏறலாமா? ஏறலாம். ஆனால் அதன் முதுகும் பலகை இல்லை. ஸ்லைப்பர் என்ற டச்சு உடற்கூறு அறிஞர் 1946இல் இதை வில்லோடு ஒப்பிட்டார். முதுகெலும்பு வில், வயிற்றுத் தசை நாண். நாண் இறுக்கமாக இருக்கும்வரை வில் நிமிர்ந்து நிற்கும். களைத்து வயிறு தளர்ந்தால் முதுகு தொய்யும். பிடரி மயிர் முடியும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அது முள்ளெலும்புகளிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த நீண்ட முட்கள். அதற்குப் பின்னால் சேணம் உட்காரும் இடத்தில் முட்கள் குட்டையாகி நெருங்கி வருகின்றன. சில குதிரைகளுக்கு அவை ஒன்றோடொன்று உரசி வலி உண்டாக்கும். ஆகவே சேணம் கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. அதற்குப் பின்னால் இடுப்பு, கீழே தாங்க விலா இல்லை.

கடற்கரையில் சவாரி விடும் குதிரைக்காரர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் சின்னக் குதிரையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஏறாதீர்கள். பிள்ளையை மட்டும் ஏற்றுங்கள். அதே காசைக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நடந்து போங்கள். சேணத்துக்குப் பின்னால் யாரும் உட்கார வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை பிடித்தால், மாப்பிள்ளை எடையையும் கொஞ்சம் யோசியுங்கள் (என் தம்பி மகன்கள் கவனிக்க).

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்று ஒரு ஓவியர் இருந்தார். குதிரையைச் சரியாக வரைய வேண்டும் என்பதற்காக, லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் ஏறத்தாழ பதினெட்டு மாதம் தங்கினார். இறந்த குதிரைகளைத் தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து வரைந்தார். அது 1766இல் புத்தகமாக வந்தது. நான் ஐந்து நிமிடத்தில் ஒரு பெஞ்சை வரைந்துவிட்டு அதைக் குதிரை என்றேன். நீங்களும் பத்திரமாக நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

இப்போது பாடம் நடத்திக்கொண்டிருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். 206 எலும்பு என்று மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தால், சாப்ஸ் துண்டைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த விலாவும், அது ஒட்டியிருக்கும் முள்ளெலும்பும் அதில் அப்படியே இருக்கும். ஆட்டுக்கும் விலா 13 ஜோடிதான், நாய்க்கு உள்ள அதே கணக்கு. கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் தங்கள் விலாவையே தொட்டு எண்ணட்டும். கையால் தொட்டுப் படித்த பிள்ளை, எந்தப் பிராணியின் முதுகிலும் யோசிக்காமல் ஏறாது.

இப்போது வீட்டுப்பாடம். நாய் வளர்ப்பவர்கள் இன்று சாயந்திரம் அதைப் பக்கத்தில் நிற்க வைத்து, விலாவில் உள்ளங்கையை மெதுவாக வைத்துத் தடவுங்கள். பிறகு உங்கள் கையைத் தடவிப் பாருங்கள். விலா, மூடிய முட்டியின் கணுக்கள் மாதிரி குத்தினால் நாய் மெலிந்திருக்கிறது. விரலை நீட்டிய புறங்கை மாதிரி லேசாகத் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கை மாதிரி மெத்தென்று, விலாவே தெரியவில்லையென்றால் எடை கூடிவிட்டது. அந்தக் கொழுப்பையும் அதே முதுகுதான் சுமக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு ஒன்றிரண்டு விலா வெளியே தெரிவது இயல்பு. பட்டினி போட்டதாக நினைத்து அதன் சொந்தக்காரரைத் திட்டாதீர்கள்.

அக்கா வீட்டு நாய் இரண்டு மாதம் கூண்டு ஓய்வில் இருந்து எழுந்தது. சாகும்வரை பின்பக்கம் ஆடி ஆடித்தான் நடந்தது. ஆனாலும் நான் போகும்போதெல்லாம் வாசல் வரை வந்து கூப்பிட்டது.

படம் போட்ட மகனே, உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செய்தாய். அந்த இதயத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் மகளை நாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கழுத்தில் கையைப் போட வேண்டாம், விலாவை எண்ணச் சொல்லி ஒரு படம் எடுத்துப் போடு. அதற்கு இரண்டு இதயம் போடுகிறேன்.

பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், அந்தக் குதிரைப் படத்தை அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
(சொந்தங்களுக்கு அத்தை, சித்தி, பெரியம்மா)