முதலாளி பார்ப்பது கையையா, வாயையா?

கம்போங் குவாந்தான் வட்டாரத்திலிருந்து வேலைக்கு மனுப் போட்டுப் பேட்டிக்குச் சென்று வரும் பிள்ளைகள் நம்மிடம் கூறும் ஒரு சேதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி, முன் அனுபவம் பற்றி ஒரு கேள்வி, அதன் பிறகு, "உன் தகப்பனார் சங்கத்தில் இருக்கிறாரா? நீயும் சேருவாயா?" என்று கேட்கிறார்களாம். ஆம் என்று உண்மை பேசிய பிள்ளைக்குக் கடிதம் வருவதில்லை.

திறமை, நாணயம், நேரம் தவறாமை ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறோம் என்பார்கள் முதலாளிமார். பார்க்கட்டும், நியாயமே. மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாகப் பட்டை வெட்டும் கைக்கும், கண்டபடி வெட்டும் கைக்கும் உள்ள வேற்றுமையை நம்மைவிட அறிந்தவர் யார்? காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், மறுவெட்டுக்கு உதவாது.

ஆனால் நம் பாட்டன்மாரை மலாயாவுக்குக் கொண்டு வந்தபோது அவர்கள் கையை யார் பார்த்தார்கள்? ரப்பர் மரத்தையே கண்டிராதவர்கள் அவர்கள்! உரிமச் சீட்டு வாங்கிய கங்காணி தன் ஊருக்குப் போவான். உறவினரையும் ஊராரையும் கூட்டி வருவான். அவர்கள் பட்ட கடனுக்கு முன்பணம் கொடுப்பான். நாள்தோறும் பிரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கும் ஆள் ஒன்றுக்கு இரண்டு காசு வீதம் அவனுக்குத் தலைக்காசு. சொந்தமும் கடனும் சேர்ந்து கட்டிப்போட்ட ஆள் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான், துரையை எதிர்த்துப் பேசமாட்டான். துரைமார் பெரிதாக மதித்த யோக்கியதை இதுதான்.

கிராணிமார் நம்மைக் கோபிக்கலாகாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் அவர்களை எடுத்தது ஆங்கிலப் படிப்புக்காக மட்டுமன்று. செக்ரோல் புத்தகத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டியிருந்தது.

1938 ஜூனில் இந்திய சர்க்கார் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்புவதை நிறுத்தியது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். பதிலாகத் துப்பாக்கிச் சூடு நடந்தது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனாலும் 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

நமக்கு வாய் வந்ததும் முதலாளிமார் வாயில்லாதவனைத் தேடினர். முதலில் காண்டிராக்டர் ஆள். பின்னர் கடல் கடந்து வந்த ஆள். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறவனிடம் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தடுத்தது. தொழிலாளர் கட்டிய ஏஜெண்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்நிறுவனம் 8 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கிய பிறகு, 2023 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. வங்காள தேசத்தானும் நேப்பாளியும் நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று பேசுவோர் நம்மில் உண்டு. நம் பாட்டன் எப்படி வந்தான் என்பதை அவர்கள் ஒரு கணம் நினைக்கட்டும்.

பேட்டிக் கேள்விக்கு வருவோம். ஒருவர் சங்க அங்கத்தினர் என்பதற்காக அவருக்கு வேலை மறுப்பதை 1967ம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5வது பிரிவு தடை செய்கிறது. சங்கத்தில் சேரக்கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை போடவும் முதலாளிக்கு உரிமையில்லை. மீறினால் 8வது பிரிவின்படி தொழில் உறவு இலாகாத் தலைமை இயக்குநருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். நிரூபிப்பது எளிதல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று ஒரே வார்த்தையில் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பேட்டி முடிந்து வீடு திரும்பிய அன்றே தேதி, இடம், கேட்டவர் பெயர், கேட்ட வார்த்தை ஆகியவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தடுமாறினால் கிராணிமார் உதவ வேண்டும். பழைய சுவரில் ஒரு கதவாவது திறக்கட்டும். அந்தத் தாளைக் கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். ஒரே இடத்தைப் பற்றி மூன்று நான்கு தாள்கள் வந்து சேர்ந்தால் புகார் எழுதும் பொறுப்பு நம்முடையது.