டிரம்மில் புடைத்து நிற்கும் எழுத்து

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் நீல டிரம்முக்கு இருபது வயது தாண்டிவிட்டது. 2003 கோடையில் ஏரிகள் வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பின்னால் தண்டையார்பேட்டையே குடத்தோடு ஓடிய நாட்களில் வந்து சேர்ந்தது. மீன்பாடி வண்டியில் இன்னும் ஐந்தாறு டிரம்களோடு கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மேல்பக்கத்தை வட்டமாக அறுத்து, அறுத்த விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றி மாட்டியிருந்தார்கள்.

“ஒரு தபா சோப்பு போட்டுக் கழுவுனா போதும்க்கா” என்றார் வண்டிக்காரர். அம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார். மூன்று நாள் தண்ணீர் ஊற்றி வைத்தும் அந்த நெடி போகவில்லை. “இது துவைக்கத்தான். குடிக்கிற தண்ணி குடத்துல” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மீன்பாடி வண்டியை இந்தப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் சரக்குப் பலகை. பின்னால் ஒற்றைச் சக்கரம், அங்கே ஓட்டுபவர். இன்ஜின், ஏதோ ஒரு பழைய ஸ்கூட்டரில் இருந்து கழற்றியது. காசிமேட்டு மீனுக்காகப் பிறந்த வண்டி இன்று கம்பி, சிமெண்ட், பீரோ எல்லாம் சுமக்கிறது. குட்டியானை திரும்ப முடியாத சந்தில் இது திரும்பும். முழங்கால் மழைத்தண்ணீரில் இன்ஜின் நின்றாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். எது உடைந்தாலும் தெருமுனை வெல்டிங் கடையிலேயே சரியாகும். பதிவெண் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, கம்பி நீட்டிக்கொண்டு வரும்போது எதிரே வருகிறவர்களுக்கு ஆபத்து. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் பத்துக் குடும்பத்துக்கு ஒரு குடும்பமாவது அதை நம்பிச் சாப்பிட்ட தெருக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஒரு இடத்தில் ஆயுள் முடிந்ததை இன்னொரு இடத்தில் ஓடவைப்பது வடசென்னைக்குப் பழக்கம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு சேர்ந்தது. பிறகு திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. 1970-இல் தாய்க் கம்பெனி அங்கே படுத்துவிட்டது. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை.

டிரம்முக்கு வருகிறேன். கொசு முட்டைக்காக உள்சுவரை வாரம் ஒருமுறை தேய்ப்பது வழக்கம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும். அப்படித் தேய்க்கும்போது ஒருநாள் வெளிப்புறமும் தேய்த்தேன். அழுக்குக்கு அடியில் எழுத்துகள் புடைத்து நின்றன. யூஎன் என்ற முத்திரை, பக்கத்தில் 1ஹெச்1, பிறகு ஒய்.

ஒன்று என்றால் டிரம். ஹெச் என்றால் பிளாஸ்டிக். அடுத்த ஒன்று, மேல்மூடி கழற்ற முடியாதது. ஆபத்தான சரக்கை ஏற்றுவதற்கென்று சோதித்துப் பார்த்த வகை. ஒய் தரம் என்றால் மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவைத்து, 1.2 மீட்டர் உயரத்தில் இருந்து போட்டாலும் ஒழுகக் கூடாது. இருபது வருடம் வாசலில் நின்றது சும்மா இல்லை. ஆனால் அந்த ஆபத்தான சரக்குக்கு இப்படிப்பட்ட டிரம்மைப் பொதுவாக ஐந்து வருடம்தான் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகுதான் பழைய டிரம் கடை, மீன்பாடி, நம் வாசல்.

இந்த பிளாஸ்டிக் தன்னுள் வைத்திருந்த கரைப்பானையும் பூச்சிமருந்தையும் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோப்பு மேற்பரப்பைத்தான் கழுவும். அம்மாவின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

டிரம் வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். 2013-இல் இங்கே பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிந்து கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்த ஊரில், தண்ணீர் பிடித்து வைக்காமல் வாழ முடியாது. விற்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். முன்பு உள்ளே என்ன இருந்தது என்று சொல்லும் லேபிளைத் தயவுசெய்து கிழிக்காதீர்கள்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் ஒரு டிரம் வாங்கியிருந்தார்கள். லேபிள் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும். துணியால் துடைத்து எழுத்தைக் காட்டினேன். அவர்களில் இருந்த பெண் கேட்டாள்: “அப்போ குழந்தைக்குப் பால் காய்ச்சற தண்ணி, அண்ணே?” இரண்டு குடம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.