ஆற்றங்கரைப் பீர் ஆலையும் குடியிருப்பும்

தொழில் நின்றுபோன ஆலைக் கட்டடத்தை இடித்துவிடுவதே சிக்கனம் என்று பலரும் கருதுகின்றனர். இக்கருத்து பெரும்பாலும் பிழையானது என்பேன். லண்டன் மாநகரில், டவர் பாலத்தை அடுத்துத் தேம்ஸ் நதியின் தென்கரையில் நிற்கும் ஆங்கர் பீர் ஆலை இதற்குத் தக்க சான்றாகும். பீர் என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் பொறுத்தருள்க. இங்குப் பேசப்படுவது பானமன்று, சுவர்.

ஜான் கரேஜ் என்பார் 1787ஆம் ஆண்டில் இவ்விடத்து ஆலையை விலைக்கு வாங்கினார். 1891இல் நேர்ந்த தீ விபத்திற்குப் பின்னர் அது பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் கட்டடம் வீடுகளாக மாறியது.

அக்காலப் பீர் ஆலைகள் உயர்ந்து நின்றமைக்குக் காரணம் உண்டு. முளைகட்டி உலர்த்திய பார்லியை மேல் மாடிக்கு ஒருமுறை ஏற்றிவிட்டால், அரைத்தல், வெந்நீரில் ஊறவைத்தல், காய்ச்சுதல் ஆகியவற்றிற்குப் பொருள் தன் எடையாலேயே படிப்படியாகக் கீழிறங்கும். புவியீர்ப்பு விசையை விளக்க ஆசிரியர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது. ஒரு கன மீட்டர் நீரே 1,000 கிலோகிராம் எடையுள்ளது. தானிய மூட்டைகளையும் நிறைந்த கொப்பரைகளையும் தாங்கிய தளங்களுக்குக் கட்டிலும் அலமாரியும் ஒரு பாரமா? ஆழ்ந்த கட்டடத்தின் நடுவே வெளிச்சம் எட்டாமை, புதிய படிக்கட்டு, குழாய்கள் ஆகியவையே மாற்றத்தில் தோன்றும் உண்மையான இடர்கள். அவை தீர்க்கத் தக்கவையே.

செங்கல் ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவது. அதற்குரிய எரிபொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எரிந்து தீர்ந்தது. சுவரை இடித்துப் புதிது கட்டினால் அச்செலவை மீண்டும் ஏற்கவேண்டும்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. ஆங்கர் ஆலையின் வீடுகள் செல்வர்க்கே எட்டுவன. ஆற்றங்கரையில் மூட்டை சுமந்தோரின் வழிவந்தோர் அவற்றை வாங்குதல் அரிது. இது கட்டடத்தின் குற்றமன்று, அனுமதி வழங்கும் முறையின் குறை. இத்தகைய மாற்றத்திற்கு இசைவு தரும் நகராட்சி, ஒரு பகுதி வீடுகளையேனும் எளிய வாடகைக்கு விடவேண்டும் என்று நிபந்தனை விதித்தல் முறையாகும்.

பழைய கட்டடத்தை ‘இடிக்கத் தக்கது’ என்று அறிக்கையில் எழுதுமுன், களப்பணியாளர் மர உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புகும் இடங்களைக் கத்தியாற் குத்திப் பார்ப்பாராக. ஈரத்தால் மரம் முதலில் இற்றுப்போவது பெரும்பாலும் அங்கேதான். முனை மட்டும் கெட்டிருப்பின், அதனை வெட்டி நீக்கி எஃகுத் துண்டு பொருத்தினாலே போதும்.