ஆஸ்பத்திரி வாசலோடு நட்பு முடிந்து விடுகிறதா?

குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் பகுதிகளில் நம் சகோதரர் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் செய்தி ஒரு மணி நேரத்தில் பரவி விடுகிறது. ஜும்ஆவில் துஆ செய்கிறோம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிள் பையுமாக முப்பது பேர் வார்டை முற்றுகையிடுகிறோம். நர்ஸ் விரட்டும் வரை நிற்கிறோம். பத்தாம் நாள் அவர் வீடு திரும்புகிறார். அத்துடன் நம் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். உண்மையில் அவருடைய கஷ்டம் அன்றுதான் ஆரம்பமாகிறது!

நோயாளியை நலம் விசாரிப்பது மார்க்கம் நமக்கு விதித்த கடமை. அதில் இரு கருத்து இல்லை. ஆனால் நலம் விசாரிப்பது என்றால் முகத்தைக் காட்டி விட்டு வருவது மட்டும்தானா?

மளிகைக் கடை நடத்தும் ஒரு சகோதரருக்கு இதய பைபாஸ் ஆபரேஷன் என்று வைத்துக் கொள்வோம். அறுத்துச் சேர்த்த நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை இறக்காமல் மளிகைக் கடை நடக்குமா? கடை மூடிக் கிடந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய் விடுவார். வாடகை நிற்காது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்காது. கடைசியில் தண்டல்காரனிடம் கை நீட்டுகிறார். உயிர் பிழைத்த மனிதர் வட்டியில் மூழ்குகிறார். முப்பது பேர் பார்த்து விட்டு வந்த பிறகும் இந்த நிலை என்றால், அது யார் குற்றம்?

1967 ஜனவரி 12 அன்று நமக்குப் பக்கத்தில் இருக்கும் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் நின்ற அவரால் ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வர முடியவில்லை. கழுத்தில் கட்டுடன் இருந்த அவருடைய படத்தை ஒட்டித் தொண்டர்களே ஓட்டுக் கேட்டார்கள், வென்றார்கள். ஆள் படுக்கையில் கிடந்தபோதும் அவருடைய வேலை நிற்கவில்லை. நம் மளிகைக் கடைக்காரருக்கு அத்தனை தொண்டர்கள் வேண்டாம். நான்கு நண்பர்கள் போதும்!

ஒருவர் காகித வேலையைப் பார்க்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகம் போக வேண்டும். குன்றத்தூர்க்காரர் காஞ்சிபுரம் போக வேண்டும். பக்கத்து அனகாபுத்தூர்க்காரர் செங்கல்பட்டு போக வேண்டும். படுத்திருப்பவரா அலைவார்? நோய் வரும் வரை காத்திராமல் இன்றே கார்டு எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

இன்னொருவர் ரத்தத்தைக் கவனிக்கட்டும். ஓர் ஆண் ஒரு முறை ரத்தம் கொடுத்தால் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும். பெண் என்றால் நான்கு மாதம். ஆர்வத்தில் இருபது இளைஞர்களும் ஒரே நாளில் கொடுத்து விட்டால், அடுத்த வாரம் பிரசவ வார்டில் கிடக்கும் சகோதரிக்கு யார் கொடுப்பது? டாக்டர் கேட்ட அளவுக்குக் கொடுங்கள். மற்றவர்கள் பெயரையும் ரத்த வகையையும் எழுதி வைத்துக் காத்திருங்கள்.

மூன்றாமவர் கடையைத் திறக்கட்டும். தினமும் இரண்டு மணி நேரம் முறை வைத்துக் கொண்டாலும் போதும். அன்றைய கணக்கையும் பணத்தையும் அன்றிரவே அவர் வீட்டில் ஒப்படைத்து விட வேண்டும். வியாபாரி தர்மம் வாங்கக் கூசுவார். கடை நடந்தால் அவர் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அவருடைய மானமும் காப்பாற்றப்படும்.

நான்காமவர் உடலைக் கவனிக்கட்டும். மருந்து வேளை தவறாமல், டாக்டர் சொன்னபடி நடக்க வைக்க வேண்டும். காய்ச்சல், புண்ணில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இருமலும் சளியுமாக வருபவரைப் பணிவாக வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பவரைப் பணிவு பார்க்காமல் அனுப்பலாம்! ரமளானில் நோன்பு வைத்தே தீருவேன் என்று அவர் அடம் பிடித்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை எடுத்துச் சொல்லுங்கள்.

வாலிபச் சகோதரர்களே! நாற்பதாம் நாளும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "எப்படி இருக்கிறீர்கள் பாய்?" என்பதோடு நிறுத்தாமல், "இன்று நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்படி நான்கு பேர் முன்வந்தால், ஆபரேஷன் செய்து கொண்ட ஒருவரும் கடையை இழக்க மாட்டார். வட்டிக்காரனிடமும் சிக்க மாட்டார்.